கையைக் காட்டினால் நிற்காத பஸ்!

மரக்காணம் கடற்கரைச் சாலையில் ஓடும் பஸ்களின் கதை

கிழக்கு வெளுக்கும் நேரம். மரக்காணம் உப்பளங்களில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் பளபளக்கிறது. சாலை ஓரத்தில் நாலைந்து பெண்கள் நிற்கிறார்கள். கையில் தூக்குச் சட்டி; அதில் பழைய சோறு. உப்பு வாரப் போகிறவர்கள் அவர்கள். வெயில் ஏறுவதற்குள் வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

தூரத்தில் விளக்கு வெளிச்சம் தெரிகிறது. பஸ் வருகிறது!

ஒரு பெண் கையை நீட்டுகிறாள். பஸ் நிற்கவில்லை. காற்றை வாரி அடித்துவிட்டுப் பறக்கிறது. முன்கண்ணாடியில் மணமகன் பெயரும் மணமகள் பெயரும் ஒட்டியிருக்கின்றன. ஜன்னல்களில் திரை. உள்ளே மாப்பிள்ளை வீட்டார் அசந்து தூங்குகிறார்கள். நாலு இடம் காலியாகக்கூட இருக்கலாம். ஆனாலும் பஸ் நிற்கவில்லை.

சிறிது நேரத்தில் இன்னொரு பஸ் வருகிறது. கையைக் காட்டியதும் நிற்கிறது. பெண்கள் ஏறிக்கொள்கிறார்கள்.

இரண்டும் பஸ்தான். இரண்டுக்கும் ஆறு சக்கரம்தான். பின்னே, முதல் பஸ் ஏன் நிற்கவில்லை? அதன் டிரைவர் இரக்கம் இல்லாதவரா?

இல்லை. அவர் நிறுத்தி ஆள் ஏற்றியிருந்தால் குற்றம்!

இரண்டு வகை

சட்டத்தின் கண்ணில் பஸ்களில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, தடத்தில் ஓடும் பஸ். இன்ன ஊரிலிருந்து இன்ன ஊருக்கு, இன்ன நேரத்துக்கு என்று அதற்கு விதி உண்டு. ஆளுக்கு ஆள் டிக்கெட். வழியில் உள்ள நிறுத்தங்களில் யாரும் ஏறலாம், இறங்கலாம்.

மற்றொன்று, பேசி எடுக்கும் பஸ். கல்யாணத்துக்கு, கோயிலுக்கு, பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு என்று ஒருவர் மொத்தமாக வாடகை பேசி எடுப்பது. சட்டம் இதை ஒப்பந்த வண்டி என்கிறது. மக்கள் ஸ்பெஷல் பஸ் என்பார்கள். டூரிஸ்ட் பஸ் என்பார்கள். பேசி எடுத்தவர்களைத் தவிர வேறு யாரையும் அது வழியில் ஏற்றக் கூடாது.

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி சுமார் 35 கிலோ மீட்டர். மேற்கே திண்டிவனமும் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். சென்னை சுமார் 120 கிலோ மீட்டர். இந்தக் கடற்கரைச் சாலையில் இரண்டு வகை பஸ்களும் இரவு பகலாக ஓடுகின்றன. இரண்டும் ஒரே வேரில் முளைத்தவைதான். நடுவில் முதலாளிகள் மாறினார்கள், பெயர்ப் பலகை மாறியது, சட்டம் மாறியது. ஸ்டீரிங்கைப் பிடித்தவரின் வாழ்க்கை மாறியதா? அதுதான் கேள்வி.

முதலாளியே டிரைவர்

தமிழ்நாட்டில் பஸ் தொழிலைத் தொடங்கியவர்கள் தனி ஆட்கள். 1910-களின் தொடக்கத்தில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரைப் பக்கம் பஸ் விட்டார். 1931-ல் பொள்ளாச்சியில் நாச்சிமுத்துக் கவுண்டர் பஸ் கம்பெனி தொடங்கினார். பின்னால் ஏ.பி.டி. என்று பெயர் பெற்றது அதுதான்.

இவர்கள் பெரிய முதலாளிகள் ஆனார்கள். ஆனால் பல ஊர்களில் ஒரே ஒரு பஸ் வைத்திருந்தவர்களும் உண்டு. நகையை விற்று, நிலத்தை அடகு வைத்து ஒரு பஸ் வாங்குவது, தாமே ஓட்டுவது, தம்பி டிக்கெட் கொடுப்பது, மைத்துனர் கிளீனர். முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே!

அந்த நாளில் ஒரே சாலையில் பல பஸ்கள் போட்டி போட்டு ஓடின. ஆள் சேர்ந்தால்தான் புறப்படுவது. முந்திப் போனவனுக்குத்தான் காசு. இந்தப் போட்டியை அடக்க 1939-ல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. பர்மிட் இல்லாமல் பஸ் ஓட்ட முடியாது என்ற நிலை ஏற்பட்டது. அன்று முதல் பஸ்ஸைவிடப் பர்மிட்டுக்குத்தான் மதிப்பு அதிகம்.

அதே ஆண்டில் உலகப் போரும் மூண்டது. பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தது. பஸ்ஸில் அடுப்பு போன்ற ஒரு கருவியைப் பொருத்தி, கரியை எரித்து, அந்த வாயுவில் பஸ் ஓட்டினார்கள். டி.வி.எஸ். கம்பெனியே இந்தக் கருவியைச் செய்து விற்றது. பஸ் புறப்படும் முன்பே எழுந்து கரி மூட்ட வேண்டும். ஓடி முடிந்தபின் சாம்பலை அள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும். பஸ் தொழிலாளிக்குத் தூக்கம் அப்போதே குறைந்துவிட்டது!

ஓமந்தூராரும் பஸ்ஸும்

மரக்காணத்துக்காரர்கள் பெருமைப்படக்கூடிய செய்தி ஒன்று உண்டு. சென்னை மாகாணத்தில் பஸ் முதன் முதலாகச் சர்க்கார் கைக்கு வந்தது இந்தப் பக்கத்து மனிதரின் ஆட்சியில்தான்.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்தவர் ஓ.பி. ராமசாமி ரெட்டியார். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தார். முதல் மந்திரியை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள். அவர் காலத்தில், 1947-48-ல், சென்னை நகர பஸ்கள் சர்க்கார் வசம் வந்தன.

வெளியூர் பஸ்கள் மட்டும் தனியாரிடமே இருந்தன. அதற்கு இன்னும் 20 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

1967-ல் அண்ணா முதல் மந்திரி ஆனார். வெளியூர் பஸ்களையும் படிப்படியாக நாட்டுடைமை ஆக்குவது என்று சர்க்கார் தீர்மானித்தது. 75 மைலுக்கு மேற்பட்ட தடங்கள், சென்னையில் வந்து முடியும் தடங்கள், கன்னியாகுமரி ஜில்லாத் தடங்கள் ஆகியவை முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன.

1971-ல் மு. கருணாநிதி ஆட்சியில் அடுத்த சட்டம் வந்தது. 50-க்கு மேல் பர்மிட் வைத்திருந்த பெரிய முதலாளிகளின் பஸ்களைச் சர்க்கார் எடுத்துக்கொள்ள அது வழி செய்தது. டி.வி.எஸ். பஸ்களும் ஏ.பி.டி. பஸ்களும் கை மாறின. பாண்டியன், சோழன், சேரன், பல்லவன் என்று மூவேந்தர் பெயரிலும் பல்லவர் பெயரிலும் கழகங்கள் தோன்றின. நேற்று வரை "முதலாளி பஸ்" ஆக இருந்தது, இன்று "கழகத்து பஸ்" ஆயிற்று.

கல்யாண பஸ்ஸும் தப்பவில்லை

1973-ல் இன்னொரு சட்டம் வந்தது. இது சிறு முதலாளிகளையும் தொட்டது. அது மட்டும் அல்ல. தடத்தில் ஓடும் பஸ்ஸோடு ஒப்பந்த வண்டியையும் சேர்த்துக்கொண்டது. கல்யாணத்துக்குப் பேசி எடுக்கும் பஸ்ஸையும் சர்க்கார் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது!

பஸ் அதிபர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சட்டம் செல்லாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். சர்க்கார் மேலே போயிற்று. பத்து ஆண்டு கழித்து, 1983-ல், சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குள் காலம் மாறிவிட்டது. தனியார் பஸ் அடியோடு மறைந்துவிடவில்லை.

இதற்கு நடுவில் 1975-ல் விழுப்புரத்தைத் தலைமை இடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. தென்னார்க்காட்டு மக்கள் அந்தப் பெயரை 22 ஆண்டு பார்த்துப் பழகினார்கள். 1997-ல் கழகங்களுக்கு வைத்திருந்த தலைவர்கள் பெயர்களும் மன்னர்கள் பெயர்களும் எடுக்கப்பட்டன. தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பொதுப் பெயர் வந்தது.

ஆக, முதலாளி பெயர், தந்தை பெரியார் பெயர், தமிழ்நாடு பெயர் என்று பெயர்ப் பலகை மாறிக்கொண்டே வந்தது.

தொழிலாளிக்குக் கிடைத்தது என்ன?

தனியார் பஸ்ஸில் வேலை என்பது முதலாளியின் மனத்தைப் பொறுத்தது. நல்ல முதலாளி வாய்த்தால் தீபாவளிக்கு வேட்டி, மகள் கல்யாணத்துக்கு முன்பணம். கெட்ட முதலாளி வாய்த்தால், "நாளை முதல் வராதே" என்ற ஒரு சொல்.

இதை மாற்ற 1961-ல் பார்லிமெண்ட் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. பஸ் தொழிலாளிக்கு அது ஒரு பெரிய காவல். அதில் சொன்னது என்ன?

நாள் ஒன்றுக்கு வேலை 8 மணி நேரம். வாரத்துக்கு 48 மணி நேரம். 5 மணி நேரம் வேலை செய்தால் அரை மணியாவது ஓய்வு. இடைவேளை எல்லாம் சேர்த்தாலும் ஒரு நாள் வேலை 12 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. இரவு தங்க வேண்டிய இடத்தில் ஓய்வு அறை. இவ்வளவும் சட்டத்தில் உண்டு.

கழகங்கள் வந்த பிறகு இந்த விதிகளுக்குக் கணக்கு வைக்க ஓர் இடம் கிடைத்தது. டிப்போ இருந்தது. பஸ் எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று எழுதிவைக்க ஆள் இருந்தார். மாதச் சம்பளம், சேமநல நிதி, சங்கம் எல்லாம் இருந்தன. 1998-ல் ஓய்வூதிய ஏற்பாடும் வந்தது.

அதனால் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2018 ஜனவரியில் சம்பளக் கோரிக்கைக்காகக் கழகத் தொழிலாளர்கள் எட்டு நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். 2024 ஜனவரியிலும் வேலை நிறுத்தம் நடந்தது. காலி இடங்களை நிரப்ப வேண்டும், ஓய்வு பெற்றவர்களுக்குப் பஞ்சப்படி தர வேண்டும் என்று கேட்டார்கள். ஆனால் ஒன்று: குறையைச் சொல்ல அவர்களுக்கு ஒரு வாசல் இருந்தது. அந்த வாசல் எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்திருந்தது.

மீண்டும் வந்தது ஸ்பெஷல் பஸ்

1988-ல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. 1989 ஜூலை 1 முதல் அமலாயிற்று. பர்மிட் கேட்டால் சாதாரணமாக மறுக்கக் கூடாது என்றது இந்தச் சட்டம். கதவு திறந்தது. டூரிஸ்ட் பஸ்கள் பெருகின. 1998-ல் கிழக்குக் கடற்கரைச் சாலையும் சீரானது. உப்பளங்களின் ஓரமாகச் சொகுசு பஸ்கள் பறக்கத் தொடங்கின.

இந்த பஸ்களில் பலவற்றின் முதலாளிகள் யார்? பெரிய கம்பெனிகள் மட்டும் அல்ல. ஒரு பஸ், இரண்டு பஸ் வைத்திருப்பவர்கள் ஏராளம். டிரைவராக இருந்து சேர்த்த பணத்தோடு கடனும் வாங்கி முதலாளி ஆனவர்களும் உண்டு. சேசிஸ் ஒரு கம்பெனியில் வாங்குவார்கள். கூண்டு கட்டுவதற்குக் கரூர் போன்ற ஊர்களுக்குக் கொண்டுபோவார்கள். பஸ் ரோட்டுக்கு வரும்போது கடனும் கூடவே வரும்.

மாதா மாதம் தவணை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரி. இன்ஷூரன்ஸ். எப்.சி. பஸ் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்தச் செலவு நிற்காது. 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது ஸ்பெஷல் பஸ்கள் மாதக் கணக்கில் நின்றன. டயர் தரையோடு ஒட்டிக்கொண்டது. தவணை மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. அப்போது பஸ்ஸை விற்றவர்கள் பலர். நேற்றைய முதலாளி மறுபடியும் டிரைவர் சீட்டுக்குத் திரும்பினார்.

கடற்கரையில் இன்னொரு எதிரியும் உண்டு. அது உப்புக் காற்று! இரும்புத் தகட்டை அது சும்மா விடாது. கூண்டின் அடிப்பாகம், படிக்கட்டு, போல்ட் என்று ஓர் இடம் பாக்கி இல்லாமல் துரு ஏறும். உப்பு தரும் காற்றுதான் பஸ்ஸையும் தின்கிறது.

பஞ்சாங்கம் பார்த்து நடக்கும் பிழைப்பு

உப்புத் தொழிலும் ஸ்பெஷல் பஸ் தொழிலும் ஒரு வகையில் அண்ணன் தம்பி. இரண்டும் பருவத்தை நம்பியவை. உப்புக்கு வெயில் வேண்டும். ஐப்பசி மழை வந்தால் பாத்தி மூழ்கும், வேலை நிற்கும். ஸ்பெஷல் பஸ்ஸுக்கு முகூர்த்தம் வேண்டும்.

தை பிறந்தால் கல்யாணம். வைகாசி, ஆவணியிலும் கல்யாணம். ஆடியில் முகூர்த்தம் இல்லை. ஆனால் அம்மன் கோயில் பயணம் உண்டு. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை. கோடை விடுமுறையில் ஊட்டியும் கொடைக்கானலும். நடு நடுவே வேளாங்கண்ணி, மேல்மருவத்தூர். இடையில் வேலை இல்லாத நாட்களும் வரும். அப்போது டிரைவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. பல ஸ்பெஷல் பஸ் டிரைவர்களுக்குச் சம்பளம் கொஞ்சம், படிதான் பெரிது. ஒரு பயணம் போனால் படி. போகாவிட்டால் இல்லை. ஆகவே முகூர்த்த நாட்களில் என்ன நடக்கிறது?

சனிக்கிழமை இரவு மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு புறப்படுகிறார். ஞாயிறு காலை கல்யாணம். மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார். மாலையில் ஊர் வந்து சேர்ந்தால், "ராத்திரி இன்னொரு பார்ட்டி இருக்கிறது, போகிறாயா?" என்கிறார் முதலாளி. அவருக்குத் தவணை கட்ட வேண்டும். டிரைவருக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டும். இருவரும் கெட்டவர்கள் அல்ல. ஆனாலும் பாதிக்கப்படுவது ஒன்று: தூக்கம்!

பின்னிரவு 2 மணி முதல் விடிகாலை 5 மணி வரை மனித உடம்பு தானாகவே தூக்கத்தை நாடும். எவ்வளவு கெட்டிக்கார டிரைவரானாலும் இதற்கு விலக்கு இல்லை. டீ குடித்தாலும் முகம் கழுவினாலும் கொஞ்ச நேரம்தான் தாங்கும். கண் மூடுவது ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் பஸ் எத்தனை அடி ஓடிவிடும் என்று நினைத்துப் பாருங்கள். பின்னால் 50 பேர் அவரை நம்பித் தூங்குகிறார்கள்!

சட்டம் எங்கே நிற்கிறது?

8 மணி நேரச் சட்டம் இவருக்கு இல்லையா? உண்டு. வாடகை வண்டி ஓட்டும் எவருக்கும் வேலை நேரம் 1961 சட்டப்படியே இருக்க வேண்டும் என்று 1988 சட்டம் சொன்னது. ஆனால் ஓய்வு அறை, விடுமுறை, பதிவேடு போன்ற மற்ற பாதுகாப்புகள் 5 தொழிலாளர்களாவது உள்ள நிறுவனத்துக்குத்தான் என்றது 1961 சட்டம். ஒரு பஸ், ஒரு டிரைவர், ஒரு கிளீனர் என்றால்? அவர்கள் வாசலுக்கு வெளியே!

2020-ல் பார்லிமெண்ட் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பை இயற்றியது. 2025 நவம்பர் 21 முதல் அது அமலுக்கு வந்தது. 1961 சட்டம் அதற்குள் அடங்கிவிட்டது. நாளுக்கு 8 மணி நேரம் என்ற விதி அதிலும் உண்டு. ஆனால் மோட்டார் நிறுவனத்தில் 5 பேர் என்று இருந்த அளவு 10 பேர் என்று உயர்ந்துவிட்டது. வாசல் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது.

கழகத்து பஸ்ஸில் நேரத்தை எழுதிவைக்க ஒருவர் இருக்கிறார். ஒற்றை ஸ்பெஷல் பஸ்ஸில் யார் இருக்கிறார்? டிரைவர் எப்போது தூங்கினார் என்பது அவருக்கும் அவர் மனைவிக்கும்தான் தெரியும்.

நாலு கேள்வி

பஸ்ஸை யார் வைத்திருந்தாலும் சரி, சாலையில் நம் உயிரை வைத்திருப்பவர் டிரைவர். ஸ்பெஷல் பஸ்ஸுக்கு ஒரு விசேஷம் உண்டு. பேசி எடுக்கிறவர் நீங்கள்தான். அந்த ஒரு நாளைக்கு நீங்களும் பாதி முதலாளி! ஆகவே முதலாளி கேட்க வேண்டிய கேள்விகளை நீங்கள் கேட்கலாம்.

முதல் கேள்வி: டிரைவர் நேற்று எங்கே போய் வந்தார்? எத்தனை மணி நேரம் தூங்கினார்?

இரண்டாவது: இரவு முழுதும் ஓட வேண்டிய பயணம் என்றால் இரண்டாவது டிரைவர் உண்டா? வாடகை கொஞ்சம் கூடும். கூடட்டும்.

மூன்றாவது: பர்மிட், எப்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாம் நடப்பில் இருக்கின்றனவா? காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பு இல்லை.

நாலாவது கேள்வி நம்மை நாமே கேட்டுக்கொள்வது: போய்ச் சேர்ந்த இடத்தில் டிரைவர் எங்கே படுப்பார்? பந்தியில் அவருக்கும் இலை போட்டோமா? மண்டபத்தில் ஒரு மின் விசிறியும் ஒரு பாயும் அவருக்காக ஒதுக்கினோமா?

பஸ் பேசும்போது நாம் வழக்கமாகக் கேட்பது வேறு. ஏ.சி. உண்டா, பாட்டு உண்டா, வாடகையில் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்கிறோம். குறைத்த வாடகை பல சமயம் குறைந்த தூக்கமாகத்தான் வந்து சேர்கிறது.

மரக்காணம் சாலையில் வெயில் ஏறிவிட்டது. கையைக் காட்டிய பெண்கள் இப்போது உப்பு வாரிக்கொண்டிருக்கிறார்கள். கல்யாண பஸ் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நாதஸ்வரம் கேட்கிறது. பின்பக்கத்து வேப்ப மர நிழலில் பஸ் நிற்கிறது. அதன் அருகே துண்டை விரித்து டிரைவர் படுத்திருக்கிறார்.

அவரை இப்போது யாரும் எழுப்ப வேண்டாம். இரவு நம்மை வீடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர் அவர்.